ஊர்ப் பள்ளிக்கு ஆறு லட்சம்: திறன் பலகையா, இன்னொரு டீச்சரா?

சிங்கப்பூர்_ஊர்க்காரன்:
காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். வெளிநாட்டில் இருப்பவர்கள் சேர்ந்து ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு ஆறு லட்ச ரூபாய் திரட்டியிருக்கிறோம். இரண்டு திறன் பலகை (ஸ்மார்ட் போர்டு), சுவருக்குப் பெயின்ட், வாசலில் ஒரு வளைவு என்று கொட்டேஷனும் வாங்கியாயிற்று. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இப்போது 31 பிள்ளைகள்தான். நான் படித்த காலத்தில் ஒரு வகுப்பிலேயே அதைவிட அதிகம். பள்ளி பார்க்கப் பளிச்சென்று இருந்தால் காரைக்குடிக்கு வேனில் போகிற பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று நம்புகிறேன். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. கொடுத்துப் பழகிய மண் இது. வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

டீச்சரம்மா:
தம்பி, கொடுக்க வேண்டும் என்று நினைத்த மனசுக்கு முதலில் நன்றி. ஆனால் இந்தக் கொட்டேஷனை நிறுத்தி வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

28 வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு மாலையில் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். போன வருடம் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். தமிழ்ப் பாடத்தைத் திறந்து கடகடவென்று வாசித்தான். எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு அட்டையை வைத்துப் பக்கத்தை மறைத்து, நடுவில் ஒரே ஒரு வரியை மட்டும் காட்டி, "இதைப் படி" என்றேன். நின்றுவிட்டான். 'தோட்டம்' என்ற சொல். இரட்டைக் கொம்பைப் பார்த்து 'தே' என்றான். அப்புறம் பக்கத்தில் நிற்கிற காலை என்ன செய்வது என்று தெரியாமல் 'தே… ஆ…' என்று என் முகத்தைப் பார்த்தான். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஓசை தரும் என்பதை யாரும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவில்லை. நாலு வருடமாகப் பாடத்தைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறான். திறன் பலகையும் அவனுக்கு இன்னும் நன்றாகக் கேட்கத்தான் உதவும். அவன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று அது கேட்காது.

நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு முகப்பு அழகுதான். ஆனால் சோறு வேகிறது பின்னால் இருக்கிற மூன்றாங்கட்டில். பள்ளிக்கு மூன்றாங்கட்டு ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும். பணத்தை அங்கே போடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
எனக்கு இரண்டு பேரோடும் ஒப்பு இல்லை. பள்ளி நடத்துவது அரசின் கடமை. 2009 கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் இருக்க வேண்டும். அதே சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்தில் சேரும் ஏழைப் பிள்ளைகளுக்கு அரசே கட்டணம் தருகிறது. அரசே பக்கத்துத் தனியார் பள்ளிக்குப் பணம் கொடுத்துப் பிள்ளையை அனுப்பிவிட்டு, "அரசுப் பள்ளியில் பிள்ளை இல்லை" என்றால் என்ன நியாயம்? நாம் ஆறு லட்சம் கொடுத்தால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இருக்காது.

சிங்கப்பூர்_ஊர்க்காரன்:
அண்ணே, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். பெற்றோர் கேட்பது ஆங்கிலமும் கம்ப்யூட்டரும். அதைக் கண்ணால் காட்டினால்தான் வருவார்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
பெற்றோர் என்று சொன்னதால் எழுதுகிறேன். என் பெரியவளை இரண்டாம் வகுப்போடு அரசுப் பள்ளியிலிருந்து எடுத்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். ஆங்கிலத்துக்காக எடுக்கவில்லை. அரசுப் பள்ளிகளிலேயே 2012-13 முதல் ஆங்கில வழி வகுப்புகள் வந்துவிட்டன. ஒருநாள் மதியம் அவளைக் கூட்டிவரப் போனேன். இரண்டு டீச்சரில் ஒருவர் பயிற்சிக்குப் போயிருந்தார். இன்னொருவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு, கையில் செல்போனில் ஏதோ விவரம் ஏற்றிக்கொண்டிருந்தார். சிக்னல் கிடைக்காமல் ஜன்னல் பக்கம் நின்றார். பிள்ளைகள் சிலேட்டில் ஒரே எழுத்தை எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆனால் மறுநாளே வேனுக்குப் பணம் கட்டினேன்.

டீச்சரம்மா:
இதுதான் விஷயம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாப்பாட்டு நேரம், இடைவேளை போக ஐந்து மணி நேரம். ஐந்து வகுப்புக்கு ஒரே டீச்சர் என்றால் ஒரு வகுப்புக்கு ஒரு மணி நேரம். அதில் ஐந்து பாடம். பாடத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்! தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித் தருகிற அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். பிள்ளையை வயதால் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையால் பிரித்து நடத்துவது நல்ல முறை. ஆனால் மூன்று நிலைக்கும் ஒருவரே ஓட வேண்டும் என்றால் அரும்பில் இருக்கிற பிள்ளை அரும்பிலேயே நிற்கும்.

என் யோசனை இது. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் நிற்கிற பெண் நம் ஊருக்கு ஒருத்தியாவது உண்டு. அவளைக் காலையில் இரண்டு மணி நேரம் முதல் மூன்று வகுப்போடு மட்டும் உட்கார வையுங்கள். தினம் ஒவ்வொரு பிள்ளையும் அவளிடம் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும். மாதம் பத்தாயிரம் என்றாலும் பத்து மாதத்துக்கு ஒரு லட்சம்தான். அழகப்பரைச் சொன்னீர்களே தம்பி, அவர் காரைக்குடியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் தொடங்கினார் என்பதை மறக்காதீர்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
டீச்சர், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஆபத்து இங்கேதான். 2022-ல் காலிப் பணியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் வைத்துக்கொள்ளலாம் என்று அரசே சொன்னது. தொடக்கப் பள்ளியில் நடத்துகிற இடைநிலை ஆசிரியருக்கு அப்போது சொன்னது மாதம் 7,500 ரூபாய். கொத்தனாருக்குச் சித்தாள் போகிறவர் அதைவிட அதிகம் வாங்குவார். படித்த பெண்ணை இப்படி வைத்துக்கொண்டால் நிரந்தர ஆசிரியர் எதற்கு என்று கேட்பார்கள். காமராசர் காலத்தில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். பள்ளிக்கு வேண்டிய பொருளைத்தான் கொடுத்தார்கள். டீச்சர் சம்பளத்தை ஊர் தலையில் ஏற்றவில்லை.

டீச்சரம்மா:
நீங்கள் சொல்வதில் பாதி சரி. அவள் நிரந்தர ஆசிரியருக்கு மாற்று ஆள் இல்லை, கூடுதல் ஆள் என்று மேலாண்மைக் குழுத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். இரண்டு வருடம் மட்டும் என்றும் எழுதுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். இரண்டு டீச்சரும் எத்தனை நாள் பள்ளியில் இருந்தார்கள் என்பதை அவர்கள் மாதாமாதம் எழுதி மேலே அனுப்பட்டும். உங்கள் கேள்விக்கும் அதுதான் ஆதாரம். ஆனால் அந்தப் பதில் வரும்வரை 'தோட்டம்' படிக்கத் தெரியாமல் பிள்ளையைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சிங்கப்பூர்_ஊர்க்காரன்:
வளைவை நிறுத்திவிட்டேன். பெயின்ட் அடுத்த வருடம் பார்க்கலாம். ஒரு திறன் பலகை மட்டும் வேண்டும் என்று இன்னும் நினைக்கிறேன் டீச்சர். ஒரு வகுப்பு படம் பார்க்கும்போது இன்னொரு வகுப்போடு டீச்சர் உட்காரலாம் இல்லையா?

டீச்சரம்மா:
அப்படிப் பயன்படுத்தினால் சரிதான். வாங்குங்கள். முதலில் அந்தப் பெண்ணைத் தேடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
தீர்மானத்தை எழுதும்போது எனக்கு அனுப்புங்கள். சட்டப் பிரிவுகளை நான் சேர்த்துத் தருகிறேன். சம்பளம் பத்தாயிரம் என்பதை இன்னும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
என் சின்னவனுக்கு ஜூனில் ஒன்றாம் வகுப்பு. வேன்காரர் முன்பணம் கேட்டுவிட்டார், நான் இன்னும் கொடுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியிலும் இப்படிச் செய்ய யாரிடம் முதலில் பேச வேண்டும் டீச்சர்?