புறங்கை வெண்புள்ளிக்குப் பழுப்பு லோஷன் பூசலாமா?

பத்தமடை நெசவுக்காரி
பாய் நெய்கிறேன், வயது 36. இரண்டு புறங்கைகளிலும் ஆறு வருடமாக வெண்புள்ளி. ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் காட்டி வருகிறேன். மூன்று வருடமாகப் புதிதாகப் பரவவில்லை.

ஆவணியில் தம்பிக்கு நிச்சயம். பெண் பார்க்கப் போன அன்று, நான் ஏந்தியிருந்த பூத்தட்டை எங்கள் சொந்தக்காரர் ஒருவரே வாங்கி மதினி கையில் கொடுத்துவிட்டார். வீடு வந்து சேரும்வரை நான் யாரோடும் பேசவில்லை. நிச்சயத்தன்று அந்தத் தட்டை நான்தான் பிடிக்க வேண்டும்.

மருதாணி வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பகுதி மட்டும் தனியே செக்கச்செவேலென்று தெரிந்தது. வெயிலே படாமல் தோலைப் பழுப்பாக்கும் லோஷனை வெளிநாட்டில் பூசிக்கொள்கிறார்களாமே, அது நம் நிறத்துக்கு ஒத்துவருமா? நாள் முழுவதும் ஈரக்கோரையில் கிடக்கும் கையில் நிற்குமா?

அம்பை தையல்காரர்
தங்கச்சி, ஒன்பது வருடமாக நெற்றியிலும் கையிலும் இதைத்தான் பூசுகிறேன். தாராளமாகப் பூசலாம்.

அதில் இருப்பது டைஹைட்ராக்சி அசிட்டோன் என்ற ஒருவகைச் சர்க்கரை. ரொட்டி சுடும்போது மேல்பக்கம் சிவக்கிறதே, ஏறத்தாழ அதே வேலைதான் தோலின் மேலேயுள்ள இறந்த அடுக்கில் சூடில்லாமல் நடக்கிறது. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற அம்மையார் நோயுற்ற குழந்தைகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்தபோது, சிந்திய இடத்தில் தோல் பழுப்பானதைக் கவனித்தார். பிறகு வெண்புள்ளியை மறைக்கவும் இதைப் பயன்படுத்தினார்கள். ஆகவே இதை வெள்ளைக்காரர்களின் அலங்காரப் பொருள் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார். அரிப்பு இல்லையென்றால், இரவில் கையைச் சொரசொரத் துணியால் தேய்த்துக் கழுவி, ஈரமும் எண்ணெயும் இல்லாமல் துடைத்துக்கொள். காதுகுடையும் பஞ்சுக் குச்சியால் வெள்ளைப் பகுதிக்குள் மட்டும் தொடு. விளிம்பு தாண்டினால் சுற்றிலும் கறுப்பு வளையம் விழும். முதல் வருடம் எனக்கு அப்படித்தான் விழுந்தது. மூன்று நான்கு மணி நேரத்தில் நிறம் தெரியும், முழுதாகப் பிடிக்க ஒரு நாள் ஆகும். நம் நிறத்துக்கு ஒரு பூச்சு போதாது. இரண்டு மூன்று முறை ஏற்ற வேண்டும். விரல் மூட்டில் தோல் தடிப்பு, அங்கே அதிகமாகப் பிடிக்கும். மிகக் குறைவாகத் தொடு.

தோல் உதிர உதிர நிறமும் போய்விடும். நெற்றியில் எனக்கு ஆறு நாள் நிற்கிறது, கையில் மூன்று நாள். உன் கைக்கு அதற்கும் குறைவாகவே நிற்கும். நிச்சயத்துக்கு முந்தைய இரண்டு நாள் கோரையைத் தொடாதே.

பாளை மருந்தாளுநர்
அக்கா, இந்தப் பழுப்பு வெயிலைத் தடுக்காது. வெள்ளைப் பகுதி முன்போலவே வெந்துபோகும். நம் ஊர் வெயிலுக்கு அதன்மேல் சன்ஸ்கிரீன் கட்டாயம் வேண்டும். ஒளிச்சிகிச்சை எடுக்கிறீர்கள் என்றால், மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். கடையில் விற்கும் கறுப்பு மருதாணிக் கூம்பு வேண்டவே வேண்டாம். அதில் தலைச்சாய ரசாயனம் கலந்திருந்தால் தோல் கொப்பளிக்கும், புதிய வெண்புள்ளிகூட வரலாம்.

சுரண்டை ஆசிரியை
எனக்கு முகத்திலேயே இருக்கிறது, நான் எதையும் பூசுவதில்லை. இது தொற்றாது, குட்டத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தட்டைப் பிடுங்கியவருக்கு அதை எடுத்துச் சொல்வதை விட்டுவிட்டு, நீங்கள் ஏன் கையை மறைக்க வேண்டும்?

பத்தமடை நெசவுக்காரி
டீச்சர், நீங்கள் சொல்வது நியாயம். அவரிடம் நானே பேசுவேன், ஆனால் தம்பியின் நிச்சய வீட்டில் அல்ல. அன்று பெண்ணின் முகத்தைப் பார்த்து நிற்க ஆசைப்படுகிறேன், யார் என் கையைப் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டு அல்ல.

அண்ணாச்சி, மருத்துவரிடம் கேட்டுவிட்டேன். அவரே ஒரு லோஷன் எழுதித் தந்தார். முழங்கை மடிப்பில் வைத்து இரண்டு நாளாகிறது, அரிப்பு இல்லை. இடது கையில் ஒரு பூச்சு போட்டதற்குக் காய்ந்த கோரையின் நிறம் வந்திருக்கிறது. இன்றிரவு இரண்டாவது பூச்சு.