கடைக்கென்று வலைப்பூ எழுதுகிறவர்களே, இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

விளக்குத்தூண் சுங்குடி:

நானே தொடங்குகிறேன். 2019, ஆடித் தள்ளுபடிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த அழைப்பு வந்தது. உங்களில் பாதிப் பேருக்கும் வந்திருக்கும். ஐந்நூறு பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு), ஆறாயிரம் ரூபாய், ஒரே மாதத்தில் கூகுள் தேடலில் முதல் பக்கம். கொடுத்துவிட்டேன். கைக்கட்டுச் சுங்குடியையும் அச்சுச் சுங்குடியையும் எப்படிப் பிரித்தறிவது என்று ஒரு பதிவு எழுதியிருந்தேன். கைக்கட்டில் ஒரு புள்ளிபோல் இன்னொன்று இருக்காது, முடிச்சுப் போட்ட இடத்தில் துணி லேசாகச் சுருங்கியிருக்கும், இரண்டு பக்கமும் சாயம் ஏறியிருக்கும் என்று. அது ஒன்றுக்குத்தான் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மற்றவையும் ஓட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

இரண்டு மாதம் ஏறியது. பிறகு, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் செய்தி வந்தது: உங்கள் தளத்தை நோக்கி இயற்கைக்கு மாறான இணைப்புகள் இருக்கின்றன, கைமுறை நடவடிக்கை எடுத்திருக்கிறோம். அதன் பிறகு எங்கள் பெயரைத் தேடினால்கூட நாங்கள் வரவில்லை.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. யார் யார் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று பட்டியலை இறக்கி, தாளில் எடுத்துக் கல்லாவில் வைத்திருந்தேன். அப்பா அதைப் பேரேடு பார்ப்பதுபோல் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். சூதாட்டத் தளம், ஆண்மை மாத்திரைத் தளம், மறுபடியும் சூதாட்டம். ஒவ்வொன்றின் எதிரிலும் எங்கள் கடைப் பெயர். எங்கள் கடைப் பெயர் என் தாத்தாவின் பெயர். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தாத்தா பெயரை எந்தெந்தச் சுவரில் எழுதி வைத்திருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தளங்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வராதவற்றை, இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் டிசவோ கோப்பில் ஏற்றி, மறுபரிசீலனை கேட்டேன். இரண்டாம் முறைதான் நடவடிக்கையை நீக்கினார்கள். ஆனால் அந்தக் கோப்பு கூகுளுக்கு மட்டும்தான். அந்தச் சுவர்களில் தாத்தா பெயர் இன்னமும் இருக்கிறது.

விளாச்சேரிப் பெண்:

அண்ணா, படித்துவிட்டு வெகுநேரம் எழுத வரவில்லை.

எங்கள் வீட்டில் கொலு பொம்மை செய்கிறோம், களிமண்ணிலும் காகிதக்கூழிலும். விற்பனைக்காக எழுதிய பதிவுகளை ஒருவரும் படிக்கவில்லை. ஒரு நாள் அம்மா, உடைந்த பொம்மையோடு வந்த ஒரு பாட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே எழுதிப் போட்டேன். காகிதக்கூழ் பொம்மையில் விரல் போனால் எப்படி ஒட்டுவது, களிமண் பொம்மையை ஏன் தண்ணீர் தொட்டுத் துடைக்கக் கூடாது, பரணில் ஏற்றும்போது பழைய பருத்திப் புடவைத் துணியில் ஏன் சுற்ற வேண்டும், இவ்வளவுதான். படங்களை என் கைப்பேசியில் எடுத்தேன். அம்மாவின் கைதான் இருக்கும், முகம் இருக்காது.

புரட்டாசியில் திடீரென்று ஒரே இடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் தன் பதிவில் எங்களுக்கு இணைப்புக் கொடுத்திருந்தார். அவருடைய அம்மா வைத்திருந்த செட்டியார் பொம்மையின் கை ஒடிந்துபோய், எட்டு வருடமாக அதைக் கொலுவில் பின் வரிசையில் மறைத்தே வைத்திருந்தாராம். எங்கள் பதிவைப் பார்த்து ஒட்டி, முன் படிக்குக் கொண்டுவந்துவிட்டார். படம் போட்டிருந்தார். ஒட்டின இடத்தில் நிறம் சேரவில்லை, ஆரஞ்சு நிறக் கை. அம்மாவிடம் காட்டினேன். அம்மா திரையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பசை காய்வதற்கு முன்னால் வண்ணம் பூசிவிட்டார்கள், அதை எழுதாமல் விட்டுவிட்டாயே" என்றார். அன்றே அந்த வரியைச் சேர்த்தேன். அவருக்கு நன்றி எழுதியபோது நிறத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று ஒவ்வொரு புரட்டாசியிலும் தோன்றுகிறது.

அந்த ஓர் இணைப்பிலிருந்து மேலும் நான்கைந்து பேர் இணைப்புக் கொடுத்தார்கள். நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை.

வாடிப்பட்டி மோட்டார்:

சுங்குடித் தம்பி, நீங்கள் டிசவோ கோப்பைத் தொட்டிருக்கவே கூடாது. கெட்ட இணைப்புகளைப் பிடிக்கும் கூகுளின் பெங்குவின் கணக்குமுறை முதலில் வந்தது 2012 ஏப்ரலில். அப்போதுதான் கெட்ட இணைப்பு இருந்தால் தளத்தையே கீழே தள்ளியது. 2016 செப்டம்பருக்குப் பிறகு அப்படிப்பட்ட இணைப்புகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். பயந்துபோய்க் கோப்பை ஏற்றுகிறவர்கள் நல்ல இணைப்பையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள்.

என் அனுபவம் சிறியது. ஒருமுனை மோட்டார் உறுமும், ஆனால் சுற்றாது. பெரும்பாலும் கெபாசிட்டர்தான் போயிருக்கும், மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் அதைப் பாருங்கள் என்று எழுதியிருந்தேன். ஒரு நாள் சோழவந்தான் பக்கத்து விவசாயி ஒருவர் வந்து கைப்பேசியை நீட்டி, "இதில் எழுதியிருக்கிறவர் விவரம் தெரிந்தவர்போல் இருக்கிறது, கெபாசிட்டரைப் பாருங்கள் என்கிறார், உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டார். அது என் பதிவு. என் கடைக்குள் நின்றுகொண்டு கேட்கிறார். அந்தப் பதிவில் கடையின் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் கெபாசிட்டர் விற்றுக் கொடுத்திருக்கிறேன், வேறு கடைகளுக்கு.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில் ஒவ்வொரு பதிவின் கீழும் ஊர், கடை, எண் போடுங்கள். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்து அங்கிருந்தும் வலைப்பூவுக்கு வழி வையுங்கள். சர்ச் கன்சோலில் எந்தச் சொற்களுக்கு நீங்கள் எட்டாவது, பன்னிரண்டாவது இடத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். புதிய பதிவு எழுதுவதைவிட அந்தப் பதிவைத் திருத்தி எழுதுவது சீக்கிரம் பலன் தரும். நம் ஆட்கள் தேடும்போது எழுத்துத் தமிழில் தேடுவதில்லை. பேசுகிற தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். வாடிக்கையாளர் கடையில் என்ன சொல்லிக் கேட்கிறாரோ அந்தச் சொல் பதிவில் ஓர் இடத்திலாவது இருக்க வேண்டும். பிறகு, மற்றவர் பதிவுகளில் பின்னூட்டமாக முகவரியை விட்டுவிட்டு வருவது. அதை நிறுத்துங்கள். பின்னூட்ட இணைப்புகளுக்கு 2005-லேயே நோஃபாலோ, அதாவது தேடல் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் குறி, வந்துவிட்டது. 2019-ல் காசு கொடுத்த இணைப்புக்கு ஒரு குறி, வாசகர் போட்ட இணைப்புக்கு ஒரு குறி என்று தனித்தனியாகவே பிரித்துவிட்டார்கள். அப்படி விட்டுவரும் முகவரியால் தேடலில் ஏற முடியாது. இணைப்பு வேண்டுமென்றால் உங்களுக்கு நூல் தருகிறவர், சாயம் போடுகிறவர், உங்களிடம் வாங்கி வெளியூரில் விற்கிறவர், இவர்களில் யாருக்குத் தளம் இருக்கிறது என்று பாருங்கள். உண்மையான தொடர்பு ஏற்கெனவே இருக்கிறது, ஒரு வரி போடச் சொன்னால் போடுவார்கள். விளாச்சேரித் தங்கைக்கு: உங்கள் படங்களை இணைப்பில்லாமல் எடுத்துப் போட்டிருப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். படத்தை வைத்தே தேடிப் பார்த்து, மரியாதையாக எழுதிக் கேளுங்கள். படங்களின் எடையையும் குறையுங்கள். கிராமத்துச் சிக்னலில் உங்கள் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார்.

விளக்குத்தூண் சுங்குடி:

அண்ணே, மற்றதெல்லாம் சரி. முதல் பத்தியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் சொல்வது தானாக நடக்கும் கணக்கு. எனக்கு வந்தது ஆள் பார்த்து எடுத்த கைமுறை நடவடிக்கை. அது வந்த பிறகு இணைப்புகளை நீக்க முயன்றதைக் காட்டியாக வேண்டும், முடியாதவற்றுக்கு அந்தக் கோப்புதான் வழி. செய்தி வராதவர்கள் தொட வேண்டாம் என்றால் நானும் அதையே சொல்வேன்.

சிம்மக்கல் அச்சகம்:

நீங்களெல்லாம் இணைப்பு என்கிறீர்கள். நாங்கள் சுட்டி என்போம். பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் திரட்டியான தமிழ்மணம் 2004-ல் வந்தது; நான் 2008-ல் எழுத வந்தபோது, பதிவு போட்டவுடன் திரட்டியில் இணைப்போம், ஒருவர் பதிவை வைத்து இன்னொருவர் எதிர்வினை எழுதினால் சுட்டி கொடுக்காமல் எழுத மாட்டார். சண்டை போடுகிறவர்கூடக் கொடுத்துவிட்டுத்தான் திட்டுவார். எனக்கு வாசகர் வந்ததெல்லாம் அப்படித்தான். பிறகு பாதிப் பேர் முகநூலுக்குப் போனார்கள், அத்தோடு அந்தப் பழக்கமும் போனது.

நான் சொல்ல வந்தது திருமண அழைப்பிதழ் வாசகங்கள் பற்றிய பதிவு. தாய்மாமன் பெயர் எங்கே வர வேண்டும், அப்பா காலமாகியிருந்தால் அம்மா பெயரில் எப்படி அழைப்பது, இரண்டு குலதெய்வத்தையும் போடுவதானால் எது மேலே, இதெல்லாம் என் மேசைக்கு முன்னால் எத்தனையோ குடும்பங்கள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டதிலிருந்து எழுதியது. மாதிரிக்கு ஓர் அழைப்பிதழ் கற்பனையாக எழுதிச் சேர்த்திருந்தேன். அதில் தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தவில்லை. கவனப் பிசகு.

ஒரு நாள் பெண்வீட்டார் ஒருவர் வாரப் பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டிய தாளைக் கொண்டுவந்து, "இதில் இருக்கிற மாதிரியே அடித்துக் கொடுங்கள்" என்றார். என் பதிவு, முழுவதும். என் பெயரும் இல்லை, சுட்டியும் இல்லை. மாதிரி அழைப்பிதழில் அந்தத் தவறான கிழமை அப்படியே இருந்தது. நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, கிழமையை மட்டும் பேனாவால் அடித்துத் திருத்தினேன். அவர், "பத்திரிகையிலேயே தப்பா?" என்று ஆச்சரியப்பட்டார். பத்திரிகைக்கு எழுதினேன். பதில் இல்லை. அந்தப் பக்கம் அவர்கள் இணையதளத்திலும் இருக்கிறது. தேடினால் அதுதான் முதலில் வருகிறது, நான் அதற்குக் கீழே வருகிறேன். திருடினவன் மேலே, எழுதினவன் கீழே. எனக்கு இன்றும் ஆறவில்லை.

டவுன் ஹால் ரோடு தங்கும் விடுதி:

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. அச்சகத்துக்காரர் கிழமையைச் சொன்னதால் எழுதுகிறேன்.

எங்கள் விடுதி வலைப்பூவில் அதிகம் படிக்கப்பட்டதும் அதிகம் இணைப்பு வாங்கியதும் ஒரே பக்கம்தான்: சித்திரைத் திருவிழா, எந்த நாளில் எந்த நேரத்தில் எது. திக்கு விஜயம், திருக்கல்யாணம், தேர், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் அறை பதிவு செய்வார்கள். முதலில் போடுகிறவரைத்தான் எல்லோரும் எடுத்துப் பகிர்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஓர் ஆண்டு, கோயில் அறிவிப்பு வருவதற்கு முன்பே போட்டுவிட்டேன். தேதி சித்ரா பௌர்ணமியை வைத்துத் தெரிந்துவிடும். நேரத்துக்கு முந்தைய ஆண்டின் நேரத்தை வைத்தேன். அறிவிப்பு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அறிவிப்பு வந்த வாரம் விடுதி நிரம்பி வழிந்தது. மறந்துவிட்டேன்.

கோவையிலிருந்து ஒரு குடும்பம் எங்களிடமே தங்கியிருந்தது. எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி. நெரிசலில் இரவெல்லாம் நிற்க முடியாது, நேரத்துக்குச் சரியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று என் பக்கத்தைத் தாளில் எடுத்து வைத்திருந்தார்கள். விடிகாலையில் புறப்படும்போது வரவேற்பில் இருந்த பையனிடமும் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். அவனும் தாளைப் பார்த்துச் சரிதான் என்றிருக்கிறான். கோரிப்பாளையம் பக்கம் போய்ச் சேருவதற்குள் கள்ளழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். எதிரே கூட்டம் திரும்பி வந்துகொண்டிருந்ததாம். எல்லோரும் பச்சைப் பட்டு, பச்சைப் பட்டு என்று பேசிக்கொண்டு வந்ததைப் பாட்டி கேட்டிருக்கிறார்.

ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தார்கள். மகன் கோபமாக இருந்தார். பாட்டி அவரைப் பேசவிடவில்லை. அந்தத் தாளை நான்காக மடித்து என் மேசையில் வைத்து, "இது உங்களிடமே இருக்கட்டும், தம்பி" என்றார். வண்டியூரில் பார்க்கலாம் அம்மா, நானே கூட்டிப் போகிறேன் என்றேன். கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அன்று இரவு பார்த்தேன். அந்தப் பக்கத்துக்கு இருபத்தேழு தளங்கள் இணைப்புக் கொடுத்திருந்தன. பலவற்றில் அந்தத் தவறான நேரத்தையே எடுத்து எழுதி, ஆதாரம் என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் எழுதினேன். ஆறு பேர் திருத்தினார்கள்.

விளாச்சேரிப் பெண்:

ஐயா, அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறீர்களா?

டவுன் ஹால் ரோடு தங்கும் விடுதி:

மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. இப்போது கோயில் அறிவிப்பு வந்த பிறகுதான் நேரத்தைப் போடுகிறேன். அதற்குள் மூன்று நான்கு பேர் போட்டுவிடுகிறார்கள், நான் அவர்களுக்குக் கீழேதான் வருகிறேன். இருக்கட்டும்.

வாடிப்பட்டி மோட்டார்:

விடுதிக்காரரே, ஒன்றே ஒன்று. ஒவ்வோர் ஆண்டுக்கும் தனிப் பக்கம் திறக்கிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். அந்த இருபத்தேழு இணைப்பும் பழைய முகவரியில் கிடக்கின்றன, இன்றும் யாராவது அதைத் திறந்து அந்த நேரத்தைப் படித்துக்கொண்டிருப்பார்கள். அதே முகவரியில் ஆண்டைக் குறிக்காத தலைப்பு வைத்து, உள்ளே மட்டும் மாற்றிக்கொண்டே வாருங்கள். அறிவிப்பு வரும்வரை நேரத்தின் இடத்தில் "கோயில் அறிவிப்பு இன்னும் வரவில்லை" என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். முகவரியை மாற்ற வேண்டி வந்தால், பழையதைத் திறப்பவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும்படி 301 போட்டுத் திருப்பி விடுங்கள்; செய்யத் தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்தபின் வருகிறேன், உட்கார்ந்து செய்து கொடுக்கிறேன்.