'கோட்' என்று சொன்னால் ஆடு வருகிறது, என்ன செய்ய?

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம். பதினாறு வருடமாக ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதிப் பிழைப்பவள் நான். எழுத்தில் பெரிதாகத் தப்பு வராது, வாயைத் திறந்தால்தான் வம்பு. போன வாரம் வெளிநாட்டுக்காரர்களோடு ஒரு வீடியோ கூட்டம். ஐந்து நிமிடம் தாமதமாகப் போனேன். கோட்டைக் காரிலேயே விட்டுவிட்டேன், எடுக்கப் போனேன் என்று காரணம் சொன்னேன். எதிரில் இருந்தவர் கண்ணை விரித்து, "காருக்குள் ஆடா?" என்றார். நான்கு முறை சொன்னேன், நான்கு முறையும் ஆடுதான். கடைசியில் கோட்டைத் தூக்கிக் காட்ட வேண்டியதாகிவிட்டது.

என் காதுக்கு நான் சரியாகத்தான் சொல்கிறேன். இங்கே எழுதும்போதுகூடப் பாருங்கள், உடுப்பும் கோட், ஆடும் கோட். அவர்களுக்கு மட்டும் எப்படி வேறுவேறாகக் கேட்கிறது?

இன்னொன்று. மனதுக்குள் தமிழ் வாக்கியத்தை முழுக்கக் கட்டி, அதைத் தலைகீழாகப் புரட்டித்தான் பேசுகிறேன். புரட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது.

இரவுப்பறவை:

உச்சரிப்புக்கெல்லாம் கவலைப்படாதீர்கள் சகோதரி. அவர்கள் தமிழ் பேசினால் 'ழ' வருமா என்ன?

மொட்டைமாடி:

வராதுதான். எனக்கும் அவர்கள் மாதிரிப் பேச ஆசையில்லை. கோட்டு ஆடாகாமல் இருந்தால் போதும்.

பழைய வாத்தியார்:

அம்மா, ஆடு வந்த வழியைச் சொல்கிறேன். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் வரும் க, ப எல்லாம் காற்றை ஊதாமல் சொல்பவை. ஆங்கிலக்காரர் உடுப்புக் கோட்டைச் சொல்லும்போது முதல் ஒலியோடு 'புஸ்' என்று கொஞ்சம் காற்றை விடுவார். அந்தக் காற்று இல்லையென்றால் அவர் காது அதை ஆட்டின் 'க' என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் ககரத்தைத் தப்பாகச் சொல்லவில்லை, தமிழ்க் ககரத்தைச் சொன்னீர்கள், அவ்வளவுதான்.

ஒரு மெல்லிய தாளை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு, குண்டூசிக்கான 'பின்' சொல்லுங்கள். தாள் ஆட வேண்டும். அடுத்து 'ஸ்பின்'. இப்போது தாள் ஆடக்கூடாது, ஏனென்றால் முன்னால் 'ஸ்' வந்துவிட்டால் அவர்களும் காற்றை விடுவதில்லை. அந்த ஸ்பின்னில் வருகிற ப தான் நம்முடைய ப. ககரத்துக்குத் தாள் அவ்வளவாக ஆடாது, உள்ளங்கையை வாயருகே வைத்துப் பாருங்கள்.

கோட் இன்னும் முடியவில்லை. கணினிக்காரர்கள் எழுதுகிறார்களே, அதுவும் நம் எழுத்தில் கோட். அங்கே வித்தியாசம் வால் பக்கம். கடைசி ஒலி தொண்டை அதிர்வோடு வந்தால் அதற்கு முன்னுள்ள உயிர் கொஞ்சம் இழுபடும். கணினிக் கோட்டுக்கு 'கோ' நீளும், உடுப்புக் கோட்டுக்கு வெடுக்கென்று நிற்கும். நாம் அங்கேயும் கெடுத்துவிடுவோம். நீங்களே மேலே 'கோட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, அதனால் நாக்கு கடைசியில் ஓர் உகரத்தைத் தேடிப் போகிறது.

ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிற நோட்டு ஏதாவது வைத்திருந்தால் முதலில் அதைத் தூக்கிப் பரணில் போடுங்கள். இத்தனை கோட்டும் அதில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நடுப்பக்கம்:

வாத்தியார் ஐயா ஒலியைப் பார்த்துக்கொண்டார், நான் வாக்கியத்துக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பு என் தொழில். "நேற்று நீங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்த தோழி" என்பதை ஆங்கிலத்தில் சொல்லும் வரிசை இது: தோழி, திறந்த, கோப்பு, நீங்கள் அனுப்பிய, நேற்று. ஏறக்குறையக் கண்ணாடிப் பிம்பம். எழுதும்போது புரட்டிவிடலாம், உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கிறது. பேச்சில் முடியாது. அதனால் முழு வாக்கியத்தைக் கட்டவே கட்டாதீர்கள். யார், என்ன செய்தார், இந்த இரண்டையும் முதலில் வெளியே விட்டுவிடுங்கள். எதை, எங்கே, எப்போது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து தொங்கட்டும். தமிழில் முன்னால் அடுக்கிக்கொண்டே போவோம், அங்கே பின்னால் தொங்கவிட வேண்டும்.

அப்புறம், 'வந்தேன்' என்றால் நமக்கு முழு வாக்கியம், 'நான்' அந்த ஏனுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கில வினையில் அப்படி ஒளிய இடம் கிடையாது. மழை பெய்கிறது என்று சொல்லக்கூட, எதையும் குறிக்காத ஓர் 'இட்' முன்னால் வந்து நின்றாக வேண்டும். எனக்கு இது பழக இரண்டு வருடம் ஆனது.

மொட்டைமாடி:

பின்னுக்குத் தாள் ஆடியது. ஸ்பின்னுக்கு அசையவே இல்லை. இத்தனை நாள் இது தெரியாமல் இருந்திருக்கிறேன்! கைபேசியில் குரல் தட்டச்சைத் திறந்து உடுப்பைப் பத்து முறை சொன்னேன். ஏழு முறை உடுப்பு, மூன்று முறை ஆடு. மூச்சு வாங்குகிறது, அது வேறு. நோட்டு இருந்தது ஐயா, எடுத்து வைத்துவிட்டேன். 'வி', 'டபிள்யூ' இரண்டுமே எனக்கு 'வ' தான், அதற்குத் தனி இழை போடட்டுமா, இங்கேயே கேட்கலாமா?