மறு: ஈக்வினாக்ஸ் – ‘சம இரவு நாள்’ போதாதா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மார்ச் 20, செப்டம்பர் 22–23 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும் நாளான ஈக்வினாக்ஸுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம் அல்லவா, அதைப் பற்றி.

> ‘சம இரவு நாள்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. புதிதாக ஒன்று எதற்கு?

பகலும் இரவும் சமம் என்று அந்தச் சொல் சொல்வது நம் ஊரில் அந்த நாளில் நடப்பதில்லை, அதுதான் என் தடை. தருமபுரி நிலநடுக்கோட்டுக்கு 12 பாகை (டிகிரி) வடக்கே இருக்கிறது. மார்ச் 20 அன்று இங்கே பகல் ஏறக்குறைய 12 மணி 7 நிமிடம். சூரியனின் மேல் விளிம்பு தெரிந்ததுமே உதயம் என்று கணக்கிடுகிறோம். போதாததற்குக் காற்றுமண்டலம் ஒளியை வளைத்து, அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனையும் மேலே தூக்கிக் காட்டுகிறது. இங்கே பகலும் இரவும் ஒத்து வருவது மார்ச் 10 வாக்கில், அப்புறம் அக்டோபர் 3 வாக்கில். நிலநடுக்கோட்டில் உள்ள ஊர்களுக்கு அப்படி ஒரு நாளே கிடையாது.

சரி, நடப்பதுதான் என்ன? பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்து, ஆண்டு முழுவதும் ஒரே திசையை நோக்கியபடி சூரியனைச் சுற்றுகிறது. ஜூனில் வடமுனை சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும், டிசம்பரில் தென்முனை. இடையில் இரண்டு முறை எந்த முனையும் சூரியன் பக்கம் சாய்வதில்லை. அப்போது சூரியன் வான நடுக்கோட்டை, அதாவது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் நாம் கற்பிக்கும் கோட்டை, கடக்கிறது. பருவம் மாறுவதும் இந்தச் சாய்வால்தான், தொலைவால் அல்ல. சூரியனுக்கு மிக அருகே நாம் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், அரூர்க்காரர்கள் போர்வை தேடும் நாட்களில்.

நம் மாவட்டத்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. பகலின் நீளத்தை வைத்து இந்த நாளை யாரும் உணர முடியாது. திசை அப்படியல்ல. உதயப் புள்ளி நேர்கிழக்கிலிருந்து வடக்கே 24 பாகை, தெற்கே 24 பாகை என்று ஆண்டுதோறும் போய் வருகிறது. பென்னாகரத்துப் பிள்ளைகூட கிழக்கே ஒரு பனைமரத்தை அடையாளம் வைத்து இதைப் பார்த்துவிடலாம். அதிலும் மார்ச், செப்டம்பரில்தான் அந்த நகர்வு மிக வேகம்: நாளுக்குச் சூரிய வட்டின் முக்கால் அகலம். அன்று ஒரு மீட்டர்க் குச்சியை நட்டு நிழல் நுனியை மணிக்கு மணி குறித்தால், புள்ளிகள் மேற்கிலிருந்து கிழக்காக நேர்கோட்டில் விழும். மற்ற நாட்களில் அது வளைகோடு. நண்பகல் நிழல் 21 சென்டிமீட்டர் இருக்கும். சூரியன் வடக்கே ஏற ஏற அது குறைந்து ஏப்ரல் 22-ஐ ஒட்டி இல்லாமலே போகும். நம் கோடை உச்சத்துக்குப் போகும் வழி இது.

ஆகவே என் முன்மொழிவு: நாளுக்கு ‘நேர்கிழக்கு நாள்’, அந்தக் கணத்துக்கு ‘நடுக்கோட்டுக் கடப்பு’. முனைகளில் நேர்கிழக்கு செல்லாது, ஆனால் கடப்பு அங்கும் செல்லும். இரண்டு சொல்லும் வேண்டும் என்பது அதனால்தான்.

> ‘விஷு’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

கேரளத்து விஷு ஏப்ரல் 14-ஐ ஒட்டி வருகிறது, மூன்று வாரத்துக்கு மேல் தள்ளி. பூமியின் அச்சு மெல்லத் தலை சுற்றுவதால் கடப்புப் புள்ளி விண்மீன்களிடையே 72 ஆண்டுக்கு ஒரு பாகை பின்னால் நகர்கிறது. நம் சித்திரையோ விண்மீன் கணக்கில் நிற்கிறது, அதனால் இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. ‘பங்குனிக் கடப்பு’ என்ற யோசனை காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதே காரணத்தால் ஏற்க முடியவில்லை.

‘வசந்த’ என்ற அடைமொழியும் வேண்டாம். கிருஷ்ணகிரித் தோப்புகளில் மார்ச்சில் மாம்பூ முடிந்து காய் திரள்கிறது, வெயில் ஏறுகிறது. தென் அரைக்கோளத்திலோ அது இலையுதிர் காலம். ‘மார்ச் கடப்பு’, ‘செப்டம்பர் கடப்பு’ என்றால் எங்கும் பொருந்தும்.

பதிவுக்கு மாதிரி வரி: “செப்டம்பர் கடப்புக்குப் பின் உதயப் புள்ளி நேர்கிழக்கிலிருந்து தெற்கே நகரும்.” இதில் ‘கடப்பு’ தனியாக நின்று பொருள் தருகிறதா, அல்லது ‘நடுக்கோட்டு’ எப்போதும் கூடவே வர வேண்டுமா? இந்த ஒன்றில் உங்கள் கருத்து வேண்டும்.