கொழுப்பே சாப்பிடாமல் எல்டிஎல் 204: எங்கிருந்து வருகிறது?

மாலைநடை:
வயது 38. ஒல்லியான உடம்பு, புகைப்பதில்லை. மூன்று மாதம் நாக்கைக் கட்டிப்போட்டும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 211-இலிருந்து 204-க்குத்தான் இறங்கியது. அப்பா 46 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். மருத்துவர் ஸ்டேட்டின் என்ற, கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார். நான் சாப்பிடாத கொழுப்பு எப்படி இரத்தத்துக்கு வந்தது?

தசைநாண்:
12 ஆண்டுகளுக்கு முன் நானும் இதையே கேட்டேன். கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. நம்மைப் போன்றவர்களுக்குச் சிக்கல் வரவில் இல்லை, வெளியேற்றத்தில். கல்லீரல் செல்களின் மேல் உள்ள ஏற்பிகள் எல்டிஎல் துகளைப் பிடித்து உள்ளே இறக்கிவிட்டு மறுபடி மேலே வரும். ஒரு நடைக்குப் பத்து நிமிடம்தான். இதைக் கண்டறிந்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இந்த வேலை பரம்பரையாகவே மந்தம். எனக்கும் அப்படித்தான். எடுக்க ஆளில்லாத துகள் தமனிச் சுவருக்குள் புகுந்து சிக்கிக்கொள்கிறது. அதை விழுங்கும் வெள்ளணுக்கள் நுரைபோல் உப்பி அங்கேயே கிடக்கின்றன. பிறந்த நாள் முதல் இது நடக்கிறது என்பதால்தான் இளம் வயதிலேயே மாரடைப்பு வருகிறது.

குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணை இரு விரல்களால் பிடித்துப் பாருங்கள். என்னுடையது பெருவிரல் தடிமனில், முடிச்சு முடிச்சாக இருந்தது. செருப்பு உரசிய தழும்பு என்றே பல காலம் நினைத்திருந்தேன். அத்தனையும் கொலஸ்ட்ரால் படிவு. தடிப்பு இல்லையென்றாலும் நோய் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

வெண்பலகை:
நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 60-க்கு மேல் இருந்தால் கவலை இல்லை என்பார்களே?

தசைநாண்:
அதை நம்பி எல்டிஎல்லை விட்டுவிடக் கூடாது. எச்டிஎல்லை உயர்த்திய மருந்துகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

மாலைநடை:
தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் தடிப்பாகத்தான் இருக்கிறது. உற்பத்தியைக் குறைக்கும் மாத்திரை, வெளியேற்றக் குறையை எப்படிச் சரிசெய்யும்?

தசைநாண்:
உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் செல்லுக்குள் கொலஸ்ட்ராலுக்குத் தட்டுப்பாடு வரும். உடனே அது கூடுதல் ஏற்பிகளைச் செய்து மேலே அனுப்பி, இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். ஏற்பியைச் செய்யும் மரபணுவின் இரு பிரதிகளில் பெரும்பாலும் ஒன்று நன்றாகவே இருக்கும், அதை முடுக்கிவிடுகிறோம். போதாவிட்டால் குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைக் குறைக்கும் எசெட்டிமைப் மாத்திரை உண்டு, ஏற்பிகள் அழியாமல் காக்கும் ஊசியும் உண்டு.

பயப்படாமல் தொடங்குங்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இரத்தம் பார்த்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் மகளுக்கு 9 வயதில் பார்த்தோம், 178. என் தம்பி இன்னும் பார்க்க மறுக்கிறான்.