சொட்டுநீர் துணை மானியம் ரூ.25,000: அலுவலகத்தில் "அனுப்பியாயிற்று", வங்கியில் "வரவில்லை". எங்கே தேடுவது?

சாமந்தித் தோட்டம்:
வணக்கம். தருமபுரிப் பக்கம் அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர். தக்காளியும் சாமந்தியும் போடுகிறோம். சிறு, குறு விவசாயி சான்று இருப்பதால் சொட்டுநீர்க் கருவிகள் முழு மானியத்தில் வந்துவிட்டன. சிக்கல் துணைநிலை நீர் மேலாண்மை மானியத்தில்தான். மோட்டாருக்கு ரூ.15,000, குழாய் பதித்ததற்கு ஹெக்டேர் கணக்கில் ரூ.10,000. நாம் முதலில் செலவு செய்ய வேண்டும், ஆய்வு முடிந்ததும் பணம் நம் கணக்கில் ஏறும் என்றார்கள். அம்மாவின் வளையலை அடகு வைத்து மோட்டார் வாங்கினோம். எட்டு மாதமாகிறது. மானியம் தரும் அலுவலகத்தில் கேட்டால் பணம் போய்விட்டது என்கிறார்கள். வங்கியில் கேட்டால் எதுவும் வரவில்லை என்கிறார்கள். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு இடத்துக்கும் அவரை அலையவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கிழக்குக்காட்டு விவசாயி:
மோட்டார் பில்லின் தேதியைப் பாருங்கள் அம்மா. வேலையைத் தொடங்கலாம் என்று அலுவலகம் தரும் பணி ஆணை வருவதற்கு முன்பே வாங்கிவிட்டதால் என் அண்ணனுக்கு மானியம் நின்றுபோனது. பில் உங்கள் அப்பா பெயரில்தானே இருக்கிறது?

சாமந்தித் தோட்டம்:
பணி ஆணைக்குப் பிறகுதான் வாங்கினோம் ஐயா. பில் அப்பா பெயரில்தான். வயலுக்கு வந்து படமும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
ஒரு கேள்வி. பிரதமர் கிசான் திட்டத்தின் 2,000 ரூபாய் தவணை உங்கள் அப்பாவுக்கு ஒழுங்காக வருகிறதா?

சாமந்தித் தோட்டம்:
போன வருடம் முதல் வரவில்லை. நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து விட்டுவிட்டோம். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
இருக்கலாம். அரசுப் பணம் இரண்டு வழியில் வரும்: கணக்கு எண்ணைப் பார்த்து ஒன்று, ஆதார் எண்ணைப் பார்த்து மற்றொன்று. ஆதார் வழியில் வரும்போது நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணுக்கு வேலையே இல்லை. வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் (NPCI) பதிவேட்டில் ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான் இருக்கும். கடைசியாக இணைத்த வங்கி முந்தையதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, இந்தப் பதிவேட்டில் ஏறியிருப்பது வேறு. கவுன்ட்டரில் இருந்த காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். அப்பாவின் கைப்பேசிக்கு வரும் கடவுஎண் போதும். அதை வேறு யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

சாமந்தித் தோட்டம்:
பார்த்தேன் ஐயா. எங்கள் வங்கியே இல்லை, வேறொரு வங்கியின் பெயர் வருகிறது! அப்பாவைக் கேட்டேன். ஊரில் நடந்த முகாமில் யாரோ காப்பீட்டுக்கு என்று சொல்லிக் கைரேகை வாங்கினார்களாம். பாஸ்புக்கூடத் தரவில்லை.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
அப்படியானால் பணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கணக்கு முடங்கியிருந்தாலும் பணம் அழிந்துபோகாது. ஆதாருடன் அப்பா நேரில் போய் வரவுப் பட்டியல் கேட்கட்டும். பிறகு உங்கள் பழைய வங்கியில் மானியம் இங்கேதான் வர வேண்டும் என்று இணைப்பு ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுங்கள். இப்படி மாற்றாவிட்டால் அடுத்த தவணையும் அங்கேதான் போகும்.

கிழக்குக்காட்டு விவசாயி:
போகும்போது அலுவலகத்தில் பரிவர்த்தனை எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. அந்த எண் இருந்தால் வங்கிக்காரர் தட்டிக்கழிக்க முடியாது.

சாமந்தித் தோட்டம்:
இன்று போய்வந்தோம். மோட்டார் பணம் 15,000 இருக்கிறது, நின்றுபோனதாக நினைத்த கிசான் தவணைகளும் இருக்கின்றன. அப்பா பட்டியலை மூன்று முறை எண்ணிப் பார்த்தார். வளையலை நாளை மீட்டுவிடுவோம். உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. குழாய்ப் பணம் 10,000 மட்டும் அதில் இல்லை. அதன் பரிவர்த்தனை எண்ணைக் கேட்கத் திங்கட்கிழமை நானே அலுவலகம் போகிறேன்.