மின்மடல் குழு. மடலின் பொருள்: பனிமலைக்குப் போட்டுப்போகும் சிலுவாருக்குத் தமிழில் என்ன? (வெள்ளி மதியத்துக்குள்)

மலைத்தம்பி, சுங்கை சிப்புட் (திங்கள் இரவு)

ஐயா, அக்கா, அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

அவசரம். நம் தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர்கள் 11 பேர் ஜனவரியில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குப் போகிறோம். மலை அசாஹிடாக்கே, 2291 மீட்டர், அந்தத் தீவிலேயே உயரமானது. ஒரு நாள் பனிச்சறுக்கு பழகுவது, இரண்டு நாள் பனியில் நடப்பது, முடிந்தால் ஒரு நாள் காலணியில் பனிமுள் மாட்டிக்கொண்டு ஏறுவது. செலவில் பாதியைத் தோட்டத்துப் பெரியவர்கள் போட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: கையேடு தமிழில் இருக்க வேண்டும். திரும்பி வந்ததும் அதைப் பள்ளி மண்டபத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காக ஒட்டுவார்களாம். வெள்ளி மதியம் 12 மணிக்கு ஈப்போ அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

கையுறை, காலுறை, தொப்பி எல்லாம் முடிந்தது. சிலுவாரில் மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று சாப்ட்ஷெல் என்ற வகையை விற்கிறார்கள். நைலானோடு இழுபடும் நூலையும் சேர்த்து நெருக்கமாக நெய்த துணி. காற்றை ஓரளவு தடுக்கும், உலர்ந்த பனி ஒட்டாது, வியர்வை வெளியே போய்விடும். இன்னொன்று ஹார்ட்ஷெல், அது முழுக்க நீர் புகாதது. இரண்டுக்கும் பெயர் வேண்டும். முதலாவதற்கு 'பல்பயன் பனிமலைக் காற்சட்டை' என்று எழுதிப் பார்த்தேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை.

நன்னூலடியான் (செவ்வாய் காலை)

தம்பிக்கு வாழ்த்து. 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் முதலில் நின்ற மலேசியர்கள் மகேந்திரனும் மோகனதாசும். இரண்டும் நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் போட்டுக்கொண்டு ஏறிய உடுப்புக்கு இன்னும் ஒரு பெயர் வைக்கவில்லையே என்று இன்றுதான் உறைக்கிறது.

ஷெல் என்றால் ஓடு. மென்மை + ஓடு. பண்புப்பெயர்ப் புணர்ச்சியில் ஈறு கெட்டு, முன்நின்ற மெய் திரிந்து, தன்னொற்று இரட்டினால் மெல்லோடு. மெல்லினம் என்ற சொல் வந்த அதே வழி. அப்படியே வன்மை + ஓடு வல்லோடு. காற்சட்டையோடு சேர்த்தால் மெல்லோட்டுக் காற்சட்டை, வல்லோட்டுக் காற்சட்டை. வேறென்ன வேண்டும்?

மடலின் பொருள் வரியிலேயே 'சிலுவார்' என்று போட்டிருப்பது மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது. 36 ஆண்டு வகுப்பில் சிவப்பு மையால் அடித்த சொல் அது.

கடாரத்தான், சுங்கை பட்டாணி (செவ்வாய் காலை)

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. 'மெல்லோட்டுக் காற்சட்டை' என்பதை என் மகளிடம் காட்டினேன். "ஜாகிங் சிலுவாரா அப்பா?" என்றாள். பள்ளியில் மெதுவோட்டம் என்று படித்த பிள்ளை, வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? 'மெல்லோடு' என்று தனியே எழுதினாலோ, பனிச்சரிவில் நட்டுவைத்த எச்சரிக்கைப் பலகை மாதிரி இருக்கிறது.

சொல் நம் மாநிலத்திலேயே கிடக்கிறது. காழகம். அகராதியைப் பாருங்கள், ஆடை என்று ஒரு பொருள் இருக்கும். பட்டினப்பாலையில் பூம்புகார்த் தெருவில் குவிந்து கிடந்த சரக்குகளில் 'காழகத்து ஆக்கமும்' உண்டு. அந்தக் காழகத்துக்குக் கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். கடாரம் என்றால் எங்கள் கெடா! கள்ளிக்கோட்டையிலிருந்து போன துணிக்குக் காலிகோ என்று வெள்ளைக்காரன் பெயர் வைக்கவில்லையா? அதேபோல் காழகத்துத் துணி காழகம் ஆகியிருக்கலாம். பழங்காலக் கடாரத்தின் தடயங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்குப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான். ஆகவே 'பனிக்காழகம்'.

நன்னூலடியான் (செவ்வாய் மதியம்)

ஊர்ப்பெயரும் ஆடைப்பெயரும் ஒலியால் ஒன்றுபட்டால் ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததாகி விடாது. காழ் என்றால் வைரம், உறுதி. மரத்தின் நடுவே இருக்குமே, அது. வேர் அதுதான் என்றால் காழகம் கெட்டியான உடுப்பு. கெட்டியான உடுப்பு ஹார்ட்ஷெல். நீங்கள் பெயர் தேடும் பொருளுக்கு நேர் எதிர்.

இன்னொன்று. அச்சுக்கோப்பவர் துணைக்காலை விட்டுவிட்டால் பனிக்காழகம் 'பனிக்கழகம்' ஆகும். ஒரு கால் போன காற்சட்டையை வைத்துக்கொண்டு தம்பி என்ன செய்வார்?

முல்லைப்பாட்டில் பாசறைக் காவலுக்கு நிற்கும் யவனரைச் சொல்லும்போது 'மறிந்து வீங்கு செறிவுடை மெய்ப்பை புக்க' என்று வரும். மெய்ப்பை என்பது சட்டை. செறிவுடை, உடம்போடு நெருக்கமான உடை. இழுபடும் துணிக்கு இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? மெல்லோடு பிடிக்காதவர்கள் செறிவுடை என்று வைத்துக்கொள்ளலாம். நான் தடுக்கவில்லை.

ஊசிநூல், சுங்கை சிப்புட் (செவ்வாய் இரவு)

கடை பூட்டிவிட்டு இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். பாதி புரிந்தது.

மலைத்தம்பி அந்தச் சிலுவார் ஒன்றை நீளம் குறைக்க என்னிடம் கொண்டுவந்திருக்கிறான். தையல்காரியாகச் சொல்கிறேன், ஓட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முழங்காலில் மடிப்பு வைத்து வளைவாகத் தைத்திருக்கிறார்கள். கவட்டில் சாய்சதுரமாக ஒரு துண்டு தனியாக வைத்திருக்கிறார்கள், காலை எவ்வளவு தூக்கினாலும் பிரியாது. கணுக்காலின் உட்பக்கம் தடித்த துணி, பனிமுள் குத்திக் கிழிக்காமலிருக்க. தொடையில் ஜிப், சூடானால் திறந்துவிட. நீளம் குறைப்பதென்றால் அந்தத் தடித்த துணியையும் பிரித்து மேலேற்ற வேண்டும். வெறுமனே வெட்டி மடித்தால் போட்ட காசு வீண்.

ஹார்ட்ஷெல் என்றதும், ரப்பர்த் தோட்டத்தில் அப்பா போட்ட பால்வெட்டுச் சிலுவார் ஞாபகம் வந்தது. கித்தாப் பால் தெறித்துத் தெறித்துக் காய்ந்து, கழற்றி மூலையில் வைத்தால் தானாக நிற்கும். மழை உள்ளே போகாது, காற்றும் போகாது. அதைத்தான் இப்போது விலை கொடுத்து வாங்குகிறார்கள் போலிருக்கிறது.

கடாரத்தான் (செவ்வாய் இரவு)

அக்கா சொன்னது வேடிக்கைக்கு மட்டுமில்லை. ரப்பர் பூசிய மழைத்துணிக்கு மேக்கின்டோஷ் காப்புரிமை வாங்கியது 1823. நம் பக்கத்தில் மரமே அப்போது கிடையாது. 1877இல் கோலாகங்சாரில் நட்ட 9 கன்றுகளில் ஒன்று இன்னமும் நிற்கிறது, சுங்கை சிப்புட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். கித்தா என்ற சொல்லே மலாயின் கெத்தாவிலிருந்து வந்தது, அதை நாம்

குழு நடத்துநர் (செவ்வாய் இரவு)

அண்ணன் மடல் பாதியில் வந்திருக்கிறது. மீதியைத் தனி இழையில் போடுங்கள். வெள்ளிக்கு இன்னும் இரண்டரை நாள்தான்.

மதுரைவாசி (புதன் காலை)

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். சிலுவார் என்றால் என்ன? இங்கே பேண்ட் என்போம்.

மலைத்தம்பி (புதன் காலை)

அதேதான் அண்ணே. மலாயில் செலுவார், பாரசீகத்து சல்வார் வழியாக வந்தது. உங்கள் ஊர்ப் பாட்டிமார் சொல்லும் சராயும் அந்த வீட்டுப் பெண்ணாகத்தான் இருக்கும் என்று எனக்கொரு கணிப்பு.

நன்னூலடியான் (புதன் காலை)

பேண்ட்! இதற்குச் சிலுவாரே தேவலை.

(மேற்கண்ட வரியை யாரும் ஒப்புதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

வடதிசைப் பறவை, டொராண்டோ (புதன் இரவு)

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எங்களுக்குக் களிசான், போர்த்துக்கீசர் விட்டுப்போனது. ஆண்டில் நாலு மாதம் பனியில் இருப்பதால் இரண்டு வார்த்தை.

'பல்பயன்' கடைக்காரரின் சொல், கையேட்டுச் சொல் இல்லை. உலர்ந்த குளிரில், ஏறிக்கொண்டே இருக்கும்போது சாப்ட்ஷெல்லுக்கு நிகர் கிடையாது. ஏறும்போது வியர்க்கும். நின்றதும் அந்த ஈரம் உடம்பைக் குளிரவைக்கும், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. வியர்வையை வெளியே விடும் துணி அதனால்தான் வேண்டும். ஆனால் 0 பாகையை ஒட்டிய ஈரப்பனியிலும் மழையிலும் அது நனையும். பனியில் உட்கார்ந்தாலும் நனையும். சறுக்கப் பழகும் முதல் நாள் நீங்கள் நிற்பதைவிட உட்கார்ந்திருப்பதுதான் அதிகம்! அன்றைக்கு நீர் புகாததைப் போடுங்கள். அதன் சீட்டில் 10,000, 20,000 மில்லிமீட்டர் என்று ஓர் எண் இருக்கும், எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்ற கணக்கு. மற்ற நாட்களில் மெல்லிய மழைச் சிலுவார் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

உள்ளே பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. கம்பளி அல்லது செயற்கை நூல். அந்த உள்ளுடையைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், நீரை உதறும் மேற்பூச்சு வேலை செய்யாது. பூச்சு சோர்ந்துபோனால் சீட்டில் சொன்னபடி இளஞ்சூட்டில் உலர்த்தினால் ஓரளவு திரும்ப வரும்.

களிசானை நான் முன்மொழியவில்லை. சண்டைக்கு ஆள் போதும்.

ஊசிநூல் (புதன் இரவு)

தங்கச்சி சொன்னதுதான் எனக்கும் உறுத்தியது. எல்லாவற்றுக்கும் ஆகும் என்று அச்சடித்துவிட்டால், நனைந்து நடுங்கி வந்து என்னிடம்தான் சண்டை பிடிப்பார்கள். பல்பயனை எடுத்துவிடு தம்பி.

துணியைப் பார்த்துப் பெயர் வைக்காமல், எங்கே போடுவது என்று பார்த்து வைத்தால் என்ன? ஒன்று மலைச் சிலுவார், இன்னொன்று மழைச் சிலுவார்.

நன்னூலடியான் (வியாழன் காலை)

சகோதரி, நம் பிள்ளைகள் வாயில் மலை, மழை, மளை மூன்றும் எந்த நேரத்தில் எது ஆகும் என்று எனக்கே தெரியாது. நீர் புகாததை விட்டுவிட்டு மற்றதை எடுத்துப்போனால் யார் பொறுப்பு?

'பனிமலை' என்று தெளிவாகச் சொல்லலாம். பனி என்றால் வெறும் புல்நுனிப் பனித்துளி என்று சிலர் வாதாடுவார்கள். புறநானூற்று ஆறாம் பாட்டில் இமயம் 'பனிபடு நெடுவரை'. ஆகவே பனிமலைக் காற்சட்டை. சிலுவார் என்று பிள்ளைகள் பார்வைக்கு ஒட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஓர் அயற்சொல்லுக்குப் பதில் இன்னோர் அயற்சொல்லை வைத்துவிட்டு அதைக் கலைச்சொல் என்கிறோம்.

மலைத்தம்பி (வியாழன் மதியம்)

ஐயா, எண்ணெய்ப்பனைக்குச் செம்பனை என்ற சொல்லை நாம் எல்லோரும் சொல்கிறோம். தோட்டத்தில் மரமே கண்முன் நின்றது, சொல்லும் நின்றது. காற்சட்டையை என் அம்மா புத்தகத்தில் படித்திருக்கிறார், வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் காற்சட்டை கொடுங்கள் என்றால் அரைக்கால் நிக்கரை எடுத்துக் கொடுப்பார்கள். போன மாதம் கொர்பு மலையில் பயிற்சிக்குப் போனோம், 2183 மீட்டர். 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 பாகை குறையும் என்பதால் மேலே விறைத்துப்போனோம். அப்போது "மழைச் சிலுவாரை எடு" என்றுதான் கத்தினேன்.

செறிவுடை பற்றி: பெரியவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பார்கள் ஐயா.

குழு நடத்துநர் (வியாழன் இரவு 11:50)

தனிமடலிலும் சேர்த்து வந்த கணக்கு: பனிமலைச் சிலுவார் 7, பனிமலைக் காற்சட்டை 4, பனிக்காழகம் 1. மெல்லோடு, செறிவுடைக்கு யாரும் இல்லை, ஐயாவே இடம் மாறிவிட்டார். ஹார்ட்ஷெல்லுக்கு 'நீர்புகாச் சிலுவார்' என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அதையே வைத்துக்கொள்வோம்.

மலைத்தம்பி (வெள்ளி மதியம்)

அச்சுக்குப் போய்விட்டது. பட்டியலில் பனிமலைச் சிலுவார், நீர்புகாச் சிலுவார். பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் 'சிலுவார்: காற்சட்டை' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன் ஐயா.

நன்னூலடியான் (வெள்ளி மதியம்)

பார்த்தேன். வரிசை மாறியிருக்கிறது. 'காற்சட்டை' மேலேயும் 'சிலுவார்' கீழேயும் இருந்திருக்க வேண்டும். மண்டபத்தில் ஒட்டும்போது என்னிடம் சிவப்புப் பேனா இருக்கும்.

ஊசிநூல் (வெள்ளி இரவு)

நீளம் குறைக்க வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் அளவு அனுப்புங்கள். உள்ளுடை போட்டுக்கொண்டு எடுத்த அளவாக இருக்கட்டும். இரண்டு பேர் இன்னும் அனுப்பவில்லை.

கடாரத்தான் (வெள்ளி இரவு)

இடுப்பு 38, உள்கால் 29. என் சீட்டில் மட்டும் காழகம் என்று எழுதிக்கொள்ளுங்கள் அக்கா.